இங்கே கசிகிறது

மார்ச் 4, திங்கள்

இன்று முதல் நான் இந்த இராணுவ முகாமின் சுற்றுச்சூழல் அலுவலர். கர்னல் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். வேண்டாத விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிடும்போது கொடுக்கிற கை அது.

தலைமையகத்தின் உத்தரவாம். எல்லா முகாம்களும் ‘சுற்றுச்சூழல் மேலாண்மை முறை’யைக் கைக்கொள்ள வேண்டும். எது மண்ணைக் கெடுக்கிறது, எது தண்ணீரைக் கெடுக்கிறது என்று நாமே தேடிக் கண்டுபிடித்து, சரிசெய்து, மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். மே மாதம் வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆள் வருவார்.

“தேறலைன்னா என்ன ஸார் ஆகும்?” என்று கேட்டேன்.

“எந்த செக்‌ஷனால தேறலையோ அந்த செக்‌ஷன் தலைவரை மாத்திடுவேன். உங்க போஸ்டையும் எடுத்துடுவேன். பழையபடி பராமரிப்புக்கே போயிட வேண்டியதுதான்.”

மிரட்டுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். வெளியே வந்தபிறகும் என் வாயோரத்தில் சிரிப்பு இருந்திருக்க வேண்டும்; காவலுக்கு நின்றவன் ஒரு மாதிரி பார்த்தான்.

ஏனென்றால் பராமரிப்புப் பிரிவின் தலைவர் என் மச்சான். என் மனைவியின் தம்பி. எனக்கு வரவேண்டிய நாற்காலியில், என்னைவிட ஒன்பது வயது சின்னவன், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இந்த வேலைக்கு அவனை விண்ணப்பிக்கச் சொன்னதே நான்தான். அந்த நாள் எனக்குக் காய்ச்சலாவது வந்திருக்கக் கூடாதா?

மார்ச் 5, செவ்வாய்

என் புது அறை பழைய டயர் கிடங்கு. டயர்கள் போய்விட்டன. நாற்றம் என்னோடு பணிபுரிகிறது.

மார்ச் 12, செவ்வாய்

முதல் கூட்டம். கர்னல், மச்சான், சார்ஜண்ட், நான். சார்ஜண்டை முகாமில் எல்லோரும் ‘வெள்ளையடி’ என்றுதான் சொல்வார்கள். யார் பார்வையிட வந்தாலும் அசையாத பொருளுக்கெல்லாம் வெள்ளையடித்துவிடுவார். போன வருடம் ஒரு ஆமை தப்பியது அருந்தப்பு.

சுற்றுச்சூழல் முறை என்றால் என்ன என்று ஒரு மணிநேரம் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். முடித்ததும் வெள்ளையடி எழுந்து விறைப்பாக நின்றார்.

“ஸார், சுற்றுச்சூழல் எந்தத் தேதிக்கு ரெடியா இருக்கணும்?”

“மே ஏழு” என்றார் கர்னல்.

“முடிச்சிடலாம் ஸார்.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவனோடு சேர்ந்து சிரிப்பதாவது!

மார்ச் 20, புதன்

முகாம் முழுக்கச் சுற்றினேன். பட்டறையின் எண்ணெய் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை நேராகப் பின்பக்கக் குளத்துக்குப் போகிறது. டீசல் தொட்டியின் அடிக்குழாய் சொட்டுகிறது. வண்டி கழுவும் இடத்தில் மண் தார் போலக் கறுத்துக் கிடக்கிறது. ஜெனரேட்டர் பம்ப் கசிகிறது. எல்லாம் பராமரிப்புப் பிரிவு. எல்லாம் அவன்!

இத்தனை சந்தோஷமாக நான் வேலைபார்த்து எத்தனை வருடமாயிற்று.

குளத்தோரம் சற்று நேரம் நின்றேன். முன்பெல்லாம் இந்த வழியாகப் போனால் தவளைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. இப்போது ஒன்றுகூட இல்லை. அதுமட்டும் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

ஏப்ரல் 3, புதன்

சிவப்பு அட்டைகள் அச்சாகி வந்துவிட்டன. என் யோசனைதான். குறை இருக்கும் இடத்திலேயே கம்பி போட்டுக் கட்டிவிடுவது. ‘இங்கே எண்ணெய் கசிகிறது’, ‘இங்கே டீசல் சொட்டுகிறது’. அட்டையை யாரும் கிழிக்கக் கூடாது. குறையைச் சரிசெய்தால்தான் கழற்றலாம். விதிமுறையில் கர்னலே கையெழுத்துப் போட்டார். படிக்காமல் போடுவார் என்று தெரிந்துதான் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

மாலைக்குள் மச்சானின் பிரிவு சிவந்து போயிற்று.

ஏப்ரல் 4, வியாழன்

மச்சான் டயர் அறைக்கு வந்தான்.

“என்ன அத்தான் இது? வீட்டுலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“வீட்டுல எதுவும் கசியலையே.”

“அந்த பம்ப்பை மாத்தித் தாங்கன்னு நானும் எழுதி எழுதிக் கேட்டாச்சு அத்தான். ‘முகாமில் குறை உள்ளதுபோல எழுத வேண்டாம்’னு மேலேயிருந்து திருப்பித் திருப்பி அனுப்பறாங்க. நான் என்ன செய்ய?”

நல்ல சாக்கு. நானாயிருந்தால் எப்படியாவது வாங்கியிருப்பேன் என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

“என் தம்பி ஆபீஸைக் கல்யாண வீடு மாதிரி ஜோடிச்சிட்டீங்களாமே?” என்றாள்.

“அது விதிமுறை.”

“இருக்கட்டும். இனிமே என்கிட்டயும் விதிமுறைப்படியே பேசுங்க.”

ஏப்ரல் 5, வெள்ளி

பேசவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

பேசவில்லை. மச்சான் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவது வழக்கம். நேற்றும் வரவில்லை. அவன் உட்காரும் இடத்தில் தட்டு மட்டும் வைத்திருந்தாள். வெறும் தட்டு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நான் செய்ததில் என்ன தப்பு? கசிகிறதா இல்லையா? கசிகிறது. எழுதினேன். உண்மையைச் சொன்னவனுக்கு இந்த வீட்டில் மரியாதை இவ்வளவுதான்!

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேனா? இந்தக் கேள்வியை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மே 2, வியாழன்

முகாம் சுற்றுச்சூழலுக்குத் தயாராகிறது. அதாவது வெள்ளையடி தயாராக்குகிறார். நீலம், பச்சை, மஞ்சள் என்று குப்பைத்தொட்டிகள் வந்து இறங்கின. அவற்றைக் கழுவி, துடைத்து, மெழுகு போட்டு, கயிறு பிடித்து நேர்வரிசையில் வைத்தார். பிறகு ஒரு சிப்பாயைக் காவலுக்கு நிறுத்திவிட்டார்.

“காவல் எதுக்கு சார்ஜண்ட்?”

“யாராச்சும் குப்பையைப் போட்டுட்டா?”

“குப்பைத்தொட்டியில குப்பைதானே போடுவாங்க?”

“தணிக்கை முடியட்டும் ஸார். அப்புறம் போட்டுக்கட்டும்.”

வாதாடவில்லை. தேறாமல் போக இது ஒன்றே போதும்.

மே 6, திங்கள்

நாளை தணிக்கை. மாலையில் பட்டறைப் பக்கம் போனேன். என் சிவப்பு அட்டைகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

ஓடினேன். இந்த வயதில், இந்த வயிற்றோடு. வெள்ளையடியைப் பிடித்தேன். அவர் அடிபட்டவர் போல என்னைப் பார்த்தார்.

“கிழிக்கலை ஸார். விதிமுறை தெரியாதா எனக்கு? ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, ஒண்ணு குழாய்க்கு அடியிலன்னு கண்டபடி தொங்கிட்டிருந்துச்சு. வரிசைப்படுத்திட்டேன். அவ்வளவுதான்.”

வரிசைப்படுத்தியிருக்கிறார். வாசல் முதல் கொடிக்கம்பம் வரை, மதில் நெடுக, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், என் அட்டைகள் அணிவகுத்து நிற்கின்றன. கர்னல் அறைக் கதவில் ‘இங்கே எண்ணெய் கசிகிறது’. கொடிக்கம்பத்தில் ‘இங்கே டீசல் சொட்டுகிறது’.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். இருபது வருடமாக இப்படிப்பட்டதையெல்லாம் அவளிடம்தான் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போனேன். சொல்லவில்லை. கேட்க யாருமில்லை.

மே 7, செவ்வாய்

தணிக்கைக்கு வந்தவர் ஒரு அம்மாள். குட்டையான உருவம், கனத்த காலணி. கையில் டார்ச். கர்னலின் வரவேற்புரையை நின்றபடியே கேட்டுவிட்டு நேராகக் குப்பைத்தொட்டிகளிடம் போனார். மூடியைத் திறந்தார். அதில் அவர் முகம் தெரிந்தது.

“ரொம்ப சுத்தமா இருக்கே. உங்க குப்பையெல்லாம் எங்கே போகுது?” என்று காவல் சிப்பாயைக் கேட்டார்.

அவன் வெள்ளையடியைப் பார்த்தான். வெள்ளையடி வானத்தைப் பார்த்தார். சிப்பாய் கால்சட்டைப் பைகளைக் காலி செய்தான். இடது பையில் காகிதம், வலது பையில் பிளாஸ்டிக், பின்பையில் ஒரு வாழைப்பழத் தோல்.

“தரம் பிரிச்சுத்தான் வெச்சிருக்கோம் மேடம்” என்றான்.

அந்த அம்மாள் தொட்டியின் மூடியை மூடினார். பிறகு கொடிக்கம்பத்து அட்டையைப் படித்தார். அண்ணாந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

“இதுல டீசல் எங்கேயிருந்து சொட்டுது?”

கர்னல் என்னைப் பார்த்த பார்வையில் என் ஓய்வூதியம் ஆடியது. எனக்கென்ன? இதற்காகத்தானே காத்திருந்தேன். “வாங்க, உண்மையான இடத்தைக் காட்டறேன்” என்று முன்னால் நடந்தேன். தொட்டி, பட்டறைச் சாக்கடை, பம்ப் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் குளத்தின் கரைக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

மச்சான் எங்கள் பின்னாலேயே வந்தான். அவன் மழுப்புவான், நான் மடக்கலாம் என்று வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தேன்.

“இதெல்லாம் உண்மையா?” என்று அந்த அம்மாள் அவனைக் கேட்டார்.

“உண்மைதான் மேடம். எங்க அத்தான் ஒண்ணு விடாம எழுதியிருக்கார். சொல்லப்போனா ஒண்ணு விட்டுப்போச்சு. சமையற்கட்டுக்குப் பின்னால ஒரு உடைஞ்ச குழாய் இருக்கு, வாங்க.”

தீட்டிய வார்த்தைகள் அப்படியே கையில் இருந்தன. அவற்றை எந்தத் தொட்டியில் போடுவது என்று தெரியவில்லை.

மே 8, புதன்

தலைவலி. விடுப்பு. தலைமாட்டில் காப்பி இருந்தது. யார் வைத்தார்கள் என்று கேட்கவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

மே 20, திங்கள்

தேறிவிட்டோம்.

மறுபடி எழுதுகிறேன், நம்புவதற்காக. தேறிவிட்டோம். பக்கத்து முகாம் ‘எங்களிடம் குறையே இல்லை’ என்று எழுதிக் கொடுத்ததாம். ‘குறையே கண்டுபிடிக்காத இடத்தில் தேடியதற்கே அடையாளம் இல்லை’ என்று அவர்களைத் தேறவைக்கவில்லை. நம் அறிக்கையில் அந்த அம்மாள் எழுதியிருப்பது: ‘தன் குறைகளைத் தானே இவ்வளவு ஆர்வத்துடன் தேடிய ஒரு நிறுவனத்தை இதுவரை கண்டதில்லை.’ ஆர்வத்துடன்! கசிவுகளை நிறுத்த ஆறு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்.

குப்பைத்தொட்டிக்குத் தனியாக ஒரு பத்தி. அதை வெள்ளையடி பாராட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். யாரும் மறுக்கவில்லை.

நான் கெடுக்க நினைத்து உழைத்த உழைப்புக்கு எனக்கு இப்படி ஒரு வெற்றி. என் ராசி. ஆக, ஓய்வு பெறும்வரை டயர் அறை. அவனுக்கு நாற்காலி.

மே 27, திங்கள்

கர்னல் இருவரையும் கூப்பிட்டார். இராணுவ மூளை எப்படி வேலைசெய்யும் என்று இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை.

“குறையைக் கண்டுபிடிச்சது யாரு?” என்றார்.

“நான்தான் ஸார்.”

“அப்போ நீங்களே சரிபண்ணுங்க. இன்னையிலேர்ந்து நீங்க பராமரிப்புத் தலைவர்.” மச்சான் பக்கம் திரும்பினார். “குறையெல்லாம் எங்கெங்கே இருக்குன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்க சுற்றுச்சூழல்.”

நாற்காலி கிடைத்துவிட்டது. உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம் சாய்கிறது. இதற்கா?

மச்சான் தன் பொருட்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு டயர் அறைக்குப் போனான். “வாழ்த்துகள் அத்தான்” என்றான். குத்தல் இருக்கிறதா என்று உற்றுக் கேட்டேன். இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

ஜூன் 4, செவ்வாய்

புது பம்ப் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதினேன், காரணகாரியத்தோடு.

ஜூன் 12, புதன்

திரும்பி வந்துவிட்டது. ‘தேறிய முகாமில் குறை உள்ளதுபோல எழுத வேண்டாம்.’

ஒரே ஒரு சொல்தான் புதிது. மற்றதெல்லாம் அவனுக்கு வந்த அதே பதில்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் மச்சான் சிவப்பு அட்டைக் கட்டோடு வந்தான். கம்பி, குறடு எல்லாம் இடுப்பில். நேராக ஜெனரேட்டரிடம் போய்க் குனிந்தான். அடியில் பளபளவென்று ஒரு திட்டு.

“அத்தான், இது என்ன?”

“தண்ணி” என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசிக்கவேயில்லை. நானா சொன்னேன்? வாய்தான் சொன்னது. அவன் இரண்டு விரலால் தொட்டான், தேய்த்தான், முகர்ந்தான். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். சிரித்திருக்கலாம். அக்காவிடம் போய்ச் சொல்லி ஒரு வருடத்துக்குச் சிரித்திருக்கலாம். நானாயிருந்தால் கர்னல்வரை போயிருப்பேன்.

“எப்படி எழுதட்டும் அத்தான்?” என்று மெதுவாகக் கேட்டான்.

“எண்ணெய்னே எழுது. பெருசா எழுது. பம்ப் கேட்டு நான் எழுதினதைத் திருப்பிட்டாங்க. உன் அட்டையையும் சேர்த்து அனுப்பிப் பார்க்கறேன்.”

எழுதினான். கட்டினான். கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு கையால் முறுக்க வராது. இருவருமாகத் தள்ளி நின்று பார்த்தோம். கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. வெள்ளையடி பார்க்கும்வரை கோணலாகவே இருக்கட்டும் என்றான். அதற்குத்தான் சிரித்தோம்.

“ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்துடு” என்றேன்.

“அக்கா சொல்லச் சொன்னாங்களா?”

“அவ எங்கே என்கிட்ட பேசறா? நான்தான் கூப்பிடறேன்.”

வீட்டுக்கு வந்து, அவன் வருகிறான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். “எத்தனை மணிக்கு?” என்றாள். என்னிடம்தான் கேட்டாள். மதியம் என்றால் மதியம்தான், அவன் எப்போதும் தாமதமாகத்தான் வருவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று விளக்கவேண்டிய அவசியமே இல்லாததையெல்லாம் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

சாப்பிடக் கூப்பிட்டதால் நான் அவனை மன்னித்துவிட்டதாக ஆகாது. இதை இங்கே தெளிவாகப் பதிவு செய்துவைக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

மூன்று தட்டு. தாமதமாகத்தான் வந்தான். பசியோடு காத்திருந்தோம்.