எதிர்க்கடைக்காரனின் கைராசி

என் பிரியமான அண்ணா,

பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்ற பேதமில்லாமல் வளர்ந்தவர்கள் நாம். மலைமேல் நம் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே வீடியோ கேம் கடை போட்டதும் எனக்குப் பங்காளிக் காய்ச்சல் வந்துவிட்டது. சந்தை நாளில் உங்கள் கடையில் நிற்க இடமிருக்காது. நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் இருவருக்குமே புது மிஷின் ஆசை. விசாரிக்க நான்தான் முதலில் சேலம் போனேன். நீங்கள் ஆசைப்பட்ட மிஷினைக் காட்டிக் கடைக்காரர் சொன்னார்:

"நல்ல மிஷின்தாங்க. ஆனா அவசரப்பட்டு முன்னாடியே வந்திருச்சு. சினிமாவும் ஓடற மிஷின் வருதுன்னு எதிர்க் கம்பெனி சொல்லிட்டான். சனங்க அதுக்குக் காத்துக்கிட்டு இத வாங்கல. இதச் செய்யறதையே நிறுத்தறாங்களாம். இனிப் புது கேமும் வராது, ரிப்பேருக்குச் சாமானும் வராதுங்க."

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேட்டீர்கள். "ஏன் சாமி, அந்த மிஷினப் பத்தி என்ன சொன்னாங்க?"

"நல்ல மிஷின்னுதான் சொன்னாங்கண்ணா."

அதில் பொய் இல்லை, பார்த்தீர்களா? மீதியை விழுங்கிவிட்டேன்.

அந்த வாரமே வாங்கினீர்கள். ஒரே கேமை எத்தனை நாள் ஆடுவார்கள்? பிறகு மிஷினும் படுத்துக்கொண்டது. மிளகு விற்றுச் சனங்கள் கையில் காசு புழங்கும் நேரம் பார்த்து, நான் அந்த எதிர்க் கம்பெனி மிஷினை வாங்கினேன். கூட்டம் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தது.

"சின்னவனுக்குக் கைராசி, பெரியவனுக்கு ராசியில்ல" என்றது ஊர். நீங்களும் நம்பினீர்கள். கடையை மூடிவிட்டு போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குக் கிளம்பிய அன்று, "உனக்காவது ராசி இருக்குதே சாமி" என்று தோளைத் தட்டினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிறகு அங்கே லாரி கவிழ்ந்து உங்கள் உடம்புதான் மலையேறி வந்தது.

இப்போது பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வந்துவிட்டது. என் மிஷினைத் தொட ஆளில்லை. அதற்கு வருத்தப்படக்கூட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை, அண்ணா.

நேற்று அண்ணி வந்தார். பஸ் ஸ்டாண்டில் இட்லிக் கடை போடுகிறார். "தம்பி, மொதப் போணி உங்க கையாலதான் ஆகோணும். எங்க ஊட்டுக்காரருக்குத்தான் ராசியில்லாமப் போச்சு. உங்க ராசியாவது எங்களத் தூக்கிவுடட்டும்" என்றார். நான் தலையாட்டினேன்.

சொன்னால் அண்ணி இனி என் முகத்தில் விழிக்க மாட்டார். நீங்களும் எழுந்து வரப்போவதில்லை. அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலை அந்த முதல் காசை வாங்க அவர் கை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன்: "அண்ணனுக்கு இல்லாமப் போனது ராசி இல்லீங்க அண்ணி, தம்பிதான்."

உங்கள் சித்தப்பா மகன்,
பங்காளி