ஆபத்துக்கால டப்பா, உட்பிரிவுகளுடன்

2 ஜூலை 2010, வெள்ளி

இன்று சாப்பாட்டு மேஜையில் என் மகள் ஸ்ரேயா எனக்கு ஒரு நிபந்தனை விதித்தாள். பின்னால் தகராறு எழக்கூடாது என்பதால் நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன்.

கீழ்வீட்டு இர்பான் வாணியம்பாடிக்காரர். மாதாப்பூரில் மென்பொருள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைத் திரட்டி மலையேற்றுவது அவருடைய பொழுதுபோக்கு. பதினெட்டாம் தேதி எட்டுப் பேருடன் அனந்தகிரிக் காட்டுக்குப் போகிறார். ஸ்ரேயாவும் போக வேண்டும் என்கிறாள். அப்பா கூட வராமல் பெண் போகக்கூடாது என்பது என் மனைவி ஜலஜாவின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. ஆகவே, நான்.

"வாங்கப்பா. பட் லாஸ்ட் இயர் மாதிரி நக்கோ." நக்கோ என்றால் இந்த ஊர் உருதுவில் வேண்டாம்.

சென்ற ஆண்டு நாகார்ஜுனசாகர் பள்ளிச் சுற்றுலாவுக்கு நான் கொண்டுபோனவை: கயிறு இருபது மீட்டர், குடை மூன்று, மடக்குக் கட்டில் ஒன்று, வாளி ஒன்று. எதுவும் தேவைப்படவில்லை என்பது உண்மை. தேவைப்பட்டிருந்தால்? அதன்பின் மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை.

நிபந்தனை: என் பாதுகாப்புச் சாமான்கள் அனைத்தும் அவளுடைய பழைய டிபன் டப்பாவுக்குள் அடங்க வேண்டும். மூடி மூட வேண்டும். இல்லையேல் அவள் என்னோடு எங்கும் வரமாட்டாள்.

அடுத்த ஜூனில் அவளை இன்டர், அதாவது ப்ளஸ் ஒன், படிப்புக்கு விடுதியில் சேர்க்கிறோம். அங்கே மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், பெற்றோர் பார்க்கலாம். அதுவரை எத்தனை ஞாயிறு மீதம் என்று நாட்காட்டியில் எண்ணினேன். நிபந்தனையை ஏற்றுக்கொண்டேன்.

3 ஜூலை

டப்பா: நீளம் 17 செ.மீ., அகலம் 12, உயரம் 6. மூலைகள் வளைந்திருப்பதால் உள்ளளவு சற்றுக் குறையும்.

4 ஜூலை, ஞாயிறு

முதல் பட்டியலில் நாற்பத்தோரு பொருட்கள். ஜலஜா வாங்கிப் படித்தாள்.

"ஏன்னா, அனந்தகிரிக்குப் போறேளா, வனவாசம் போறேளா? இதுல இட்லித் தட்டு எதுக்கு?"

வெயிலைப் பிரதிபலித்து சமிக்ஞை செய்ய. சொன்னேன். பட்டியலை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு பொருள் குறைந்தது இரண்டு வேலை செய்ய வேண்டும், இல்லையேல் நீக்கப்படும் என்று விதி வகுத்தேன். இட்லித் தட்டு இரண்டு வேலையும் செய்யும். ஆனால் டப்பாவைவிடப் பெரியது. வருத்தத்துடன் நீக்கினேன்.

6 ஜூலை

ஒரு ஐயம். இடுப்பு வாரில் தொங்கும் பொருள், 'டப்பாவுக்குள் அடங்காத பொருள்' ஆகுமா? ஸ்ரேயாவைக் கேட்டேன். "ஆகும்" என்றாள். மூடியின் வெளிப்புறத்தில் ஒட்டினால்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகும் என்றே கொள்கிறேன்.

10 ஜூலை, சனி

ராணிகஞ்ச் கயிற்றுக் கடைக்குப் போனேன். மெல்லிய நைலான் கயிறு, மூன்று மீட்டர். எவ்வளவு எடை தாங்கும், நனைந்தால் எவ்வளவு, அதை எழுத்து மூலம் தருவீர்களா என்று கேட்டேன்.

"கைக்கு சாப் இத்தே சவால்? ரஸ்ஸி லேரே கி பஹூ லேரே?"

ஏன் இத்தனை கேள்வி, கயிறு வாங்குகிறேனா மருமகள் பார்க்கிறேனா என்கிறார். கடையே சிரித்தது. எழுத்து மூலம் எதுவும் தரவில்லை. வாங்கிவிட்டேன், ஆட்சேபத்துடன்.

11 ஜூலை, ஞாயிறு

இர்பானின் நண்பர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வெள்ளித்தாள் போர்வை கைக்கு வந்தது. மடித்தால் சீட்டுக்கட்டு அளவு. பிரித்தால் ஆள் முழுவதும் மூடும். உடல் சூடு வெளியே போகாதாம். சோதிக்காத பொருளை நம்புவது தவறு. அதிகாலை ஐந்தரைக்கு பால்கனியில் தலை முதல் கால்வரை சுற்றிக்கொண்டு படுத்தேன். சூடு உண்மையிலேயே போகவில்லை. தூங்கிவிட்டேன்.

எதிர்வீட்டு லலிதா போன் செய்துதான் எழுந்தேன். ஜலஜாவிடம் கேட்டாராம்: "உங்காத்து பால்கனியில ஏதோ பெரிய சாக்லேட் கிடக்கே, யாரானும் அனுப்பிச்சாளா?"

பிரித்ததை மறுபடி சீட்டுக்கட்டு அளவுக்கு மடிக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் முயன்றேன். ஜலஜா வந்து, புடவை மடிக்கிற கையால் நான்கே நிமிடத்தில் மடித்தாள். சமையலறைக்குப் போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

14 ஜூலை

தண்ணீர் சுத்தப்படுத்தும் மாத்திரையை ஒரு சொம்பில் போட்டுக் குடித்தேன். குளோரின் வாடை. ஜலஜாவுக்கும் ஒரு வாய் கொடுத்தேன். "நம்ம மல்காஜ்கிரி குழாய்த் தண்ணிதானே இது" என்றாள்.

16 ஜூலை, வெள்ளி

மூடி மூடியது! இறுதிப் பட்டியல்: கயிறு, வெள்ளித்தாள் போர்வை, பேனாக்கத்தி, விசில், சிறு டார்ச், மெழுகு பூசிய தீக்குச்சிகள், தண்ணீர் மாத்திரை ஆறு, கட்டுத்துணிச் சுருள், பிளாஸ்திரி, ஊக்கு நான்கு, குளுக்கோஸ் மிட்டாய் பத்து, பேனா ஒன்று.

ஸ்ரேயா மூடியை அழுத்திப் பார்த்தாள். குலுக்கினாள். "ஓகே" என்றாள். அலுவலகத்தில் நூறு கோடி ஒப்பந்தத்தைச் சரிபார்த்து முடித்த அன்றுகூட இவ்வளவு நிம்மதி எனக்கு இருந்ததில்லை.

17 ஜூலை, சனி

ஒரு கவலை. குளுக்கோஸ் மிட்டாய் இருப்பது தெரிந்தால் இர்பான் கூட்டம் விகாராபாத் ரயில் ஏறுமுன்பே தீர்த்துவிடும். ஆகவே டப்பாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிற்றால் கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு வைத்து முத்திரையிட்டேன். மேலே ஒரு தாள் ஒட்டினேன்:

(1) உயிருக்கோ உடலுறுப்புக்கோ உடனடி ஆபத்து நேர்ந்தாலன்றி இதைத் திறக்கக்கூடாது. (2) திறப்பதற்கு வயதுவந்தோர் இருவர் இத்தாளில் கையொப்பமிட வேண்டும்.

இப்போது எல்லாம் முறையாக இருக்கிறது.

19 ஜூலை, திங்கள், அலுவலகம், உணவு இடைவேளை

போச்சு. எல்லாம் போச்சு.

நிதானமாக எழுத முயல்கிறேன். நேற்று பதினொரு மணிக்கு, மழையில், ஏற்றத்தின் பாதியில், செம்மண் சேறு என் இடது பூட்ஸின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டது. நான் மேலே போனேன், அது வரவில்லை. பத்தடி தள்ளி வலதும். பதினோரு ஆண்டுகளாக அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் பூட்ஸ். மலைக்கு அது போதுமா என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நாற்பத்தோரு பொருட்களை யோசித்தவன்!

"சார், டப்பாவைத் தொறங்க, கட்டிடலாம்" என்றார் இர்பான்.

உட்பிரிவு ஒன்றைச் சுட்டிக்காட்டினேன். உயிருக்கு ஆபத்தில்லை.

"கால் உறுப்பு இல்லையா சார்? உங்க உறுப்பு சேத்துல நிக்குது சார்."

வாதம் சரியானது. ஏற்றுக்கொண்டேன். இரு கையொப்பம் வேண்டும்.

"பேனா குடுங்க."

பேனா உள்ளே இருந்தது.

"சரி, விடுங்க. கயித்தை அறுத்துடலாம். கத்தி?"

நான் டப்பாவைப் பார்த்தேன். ஸ்ரேயாதான் சொன்னாள், மிக மெதுவாக: "அதுவும் உள்ளேதான்."

எட்டுப் பேரும் மழையில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஒருவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். ஸ்ரேயா சிரிக்கவில்லை. டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கி, பாறைமேல் உட்கார்ந்து, சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பல்லெல்லாம் சிவப்பு அரக்கு. பிறகு என் காலடியில் குந்தி, நைலான் கயிறு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, நான்கு ஊக்கு எல்லாவற்றையும் என் பூட்ஸுக்கே செலவழித்தாள். அப்படியும் அது நிற்கவில்லை. ஆகவே வெள்ளித்தாள் போர்வையை இரண்டாகக் கிழித்து இரு காலிலும் சுற்றினாள். மிட்டாயை மற்றவர்கள் தின்றார்கள்.

இறங்கும்போது ஆடு மேய்ப்பவர் ஒருவர் என் காலைப் பார்த்துக் கும்பிட்டார். ஏன் என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஸ்ரேயா வெகுதூரம் முன்னால் போய்விட்டாள். என்னோடு நடக்கக் கூச்சம், நியாயம்தான். ஒரு வழுக்கல் சரிவில் நான் தயங்கி நின்றபோது திரும்பி ஏறி வந்தாள். "நான்னா, செய்யி இவ்வு" என்றாள். அப்பா, கையைக் கொடு. அவசரத்தில் அவளுக்குத் தெலுங்குதான் வருகிறது. அடிவாரம் வரை விடவில்லை. ஆனால் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ரயிலிலும் பேசவில்லை. காலையிலும் இல்லை.

டப்பா மூடியது, நிபந்தனை நிறைவேறியது என்று நான் வாதிடலாம். யாரிடம் வாதிட?

20 ஜூலை

என் வெள்ளிக் கால்களின் படத்தை ஆர்குட்டில் போட்டிருக்கிறாள். கீழே 'மை டாட், தி ஆஸ்ட்ரோநாட்'. நாற்பத்து மூன்று பேர் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். இது அவதூறாகுமா என்று ஆராய்ந்தேன். படம் உண்மை. உண்மை தற்காப்பாகும். வழக்கு நிற்காது.

ஜலஜா மட்டும், "முகத்தைப் பாருங்கோ. கல்யாண போட்டோலகூட நீங்க இப்படிச் சிரிக்கலை" என்றாள். உற்றுப் பார்த்தேன். ஆம், சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

22 ஜூலை

பேசவில்லை. பரீட்சை என்கிறாள் ஜலஜா. இருக்கலாம்.

24 ஜூலை, சனி

லிஃப்டுக்குள் இர்பான் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். ஆகஸ்ட் 15, புவனகிரிக் கோட்டை, வருபவர்கள் பெயர் எழுதவும். மூன்றாவது வரியில் ஸ்ரேயாவின் கையெழுத்து. அவள் பெயர், அதையடுத்து 'அப்பா'. நிபந்தனை எதுவும் குறிப்பிடப்படவில்லை. அவளிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதே முறை என்று தோன்றியது. ஐந்தாம் மாடிவரை போய், அங்கிருந்து மறுபடி கீழே வந்து, இன்னொரு முறை படித்தேன்.

கேட்கவில்லை.