மூன்று வேளை மூச்சு

குத்தாலம்,
18-9-1996

அன்பு மகள் லின்சிக்கு,

அப்பா ஆசீரோடு எழுதுவது. நீ அனுப்பிய பெல்ட் வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு சுற்று பெரிது. குவைத்தில் எல்லாரும் அவ்வளவு சாப்பிடுகிறார்களா? வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் உழுகிறோம்.

உன் அம்மா இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகவில்லை. கால்வலி என்று போனில் உன்னிடம் சொன்னாள். அது கால் இல்லை, லின்சி. நெல் அவிக்கிற மில்லில் இத்தனை வருஷம் உமிப்புகையில் நின்றது நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. தஞ்சாவூர் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். போனது போனதுதான், மீதியைக் காப்பாற்ற மூச்சுப் பயிற்சி செய்யட்டும் என்றார். மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி மெல்ல விட வேண்டும். வேளைக்குப் பத்துத் தடவை, தினம் மூன்று வேளை.

பத்து என்றதும் அவள் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபத்துக்கு ஒரு மூச்சு. பத்து முடிந்ததும் நிறுத்தினாளா? பாதியில் வைப்பது மாதாவுக்கு மரியாதையா என்று மாலையின் ஐம்பது மணியையும் ஓட்டினாள். இரண்டாம் நாளே தலை சுற்றி அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். நான் சத்தம் போட்டேன். டாக்டர் பத்து என்றார், மாதா ஐம்பது கேட்கிறார்களே என்றாள். இவளிடம் என்ன பேசுவது, நீயே சொல். பங்குச் சாமியார்தான் தீர்த்துவைத்தார். விட்ட இடத்திலிருந்து அடுத்த வேளை தொடரலாம், மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். இப்போது கோயில் மணி அடிக்கிற மூன்று வேளையும் பத்துப் பத்தாகச் செய்கிறாள்.

அப்போது நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் இழுக்கும்போது முதுகு என் கையை மெல்லத் தள்ளுகிறது. விடும்போது அடங்குகிறது. அவ்வளவுதான் என்று பயப்படுகிறேன், அடுத்தது வந்துவிடுகிறது. யார் சொல்லி அது திரும்பி வருகிறது? விதை முளைப்பதை வருஷாவருஷம் பார்க்கிறவன் நான். இப்படிப் பிரமித்துப் போனதில்லை. முப்பது வருஷமாக என் பக்கத்திலேயே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. பத்தாவது முடிந்த பிறகும் கையை எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமைக்குத்தான் தகராறு. காதர் மைதீன் ஜும்மா முடிந்து வந்து எஸ்.டி.டி. கடையைத் திறந்ததும் உன் போன் வருமே, அதற்கு முன்னால் நாலாவதாக ஒரு பத்து செய்வேன் என்றாள். உனக்கு நர்ஸ் காதாம். இளைப்பு கேட்டால் வேலையை உதறிவிட்டு வந்து நிற்பாயாம். நாலு கூடவே கூடாது என்றேன். கடைசியில் மத்தியானத்துப் பத்தைத் தள்ளிவைத்து, கடை ஸ்டூலில் உட்கார்ந்து செய்கிறாள். அது முடியும்வரை காதர் மைதீன் கடையில் யாரையும் பேச விடுவதில்லை.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியம் போனில் சொல்வதற்கு மட்டும்தான் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

பதறி ஓடி வராதே அம்மா. லீவு கிடைக்கிறபோது வா. வெள்ளிக்கிழமை பேசும்போது தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. நடுவில் சத்தமே இல்லாமல் போனால், லைன் அறுந்துவிட்டது என்று போனை வைத்துவிடாதே. அம்மா மூச்சு எடுத்துக்கொண்டிருப்பாள். கொஞ்சம் பொறு, பேசுவாள்.

மாதா உன் கூடவே இருக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
குழந்தைராஜ்