பதினான்காம் கேள்விக்கு மெல்பினின் பதில்

பாறசாலை
18 ஜூலை 2025

அன்பு மகள் பிரசீதாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே சொல்லும்படியான குறை எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஊரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பியே தொடங்குகிறேன். அம்மாவுக்கு முட்டுவலி மழையோடு வந்தது, இன்னும் போகவில்லை, போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், நீ நம்பாதே. எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், என் சுபாவம் உனக்குத் தெரியும்.

உன் ஆய்வுக்காக நீ அனுப்பிய படிவத்தை அச்செடுத்துக்கொண்டு, 2009இல் என் வகுப்பில் உன்னோடு பிளஸ் டூ முடித்தவர்களைத் தேடி ஒன்றரை மாதம் நடந்தேன். உன்னை நீக்கி முப்பத்து மூன்று பேர், இரண்டு பேருக்கு விலாசம் கிடைக்கவில்லை. மீதி முப்பத்தொன்றில் மாதச் சம்பளம் வாங்கிய அப்பாக்களின் பிள்ளைகள் பத்துப் பேர், அவர்களில் ஒன்பது பேர் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். மற்ற இருபத்தொரு பேரில் போனது மூன்றே பேர். பழைய மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அதில் இதற்கு விளக்கம் இல்லை. அந்த மூன்று பேரில் ஒருத்தி ஒற்றசேகரமங்கலத்து ஜிஷா, ரப்பர் வெட்டுக்காரரின் மகள். உன் கல்லூரியிலேயே உன்னைவிட அதிக மதிப்பெண்ணோடு கணக்கில் பட்டம் பெற்றவள். பட்டம் வாங்கியபின் நீ இரண்டு வருடம் வீட்டில் இருந்து பரீட்சைகளுக்குப் படித்தாய், அவள் மறு வாரமே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். படிப்பு வீணாகிவிட்டதோ என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, ‘வீணால்லாம் போகல்ல ஸாரே, சேலை எண்ணினா எனக்குத் தப்பாது’ என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. தொழில் என்ற இடத்தில் விற்பனையாளர் என்று எழுதிவிட்டு வந்தேன்.

இனி மெல்பின். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவன், நார்பர்ட்டின் மகன், காரோட்டுக்குத் தெற்கே கடற்கரையில் வீடு. இப்போது கொச்சியிலிருந்து போகும் விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் போன செவ்வாய்க்கிழமை அவன் வீட்டில் இருந்தான், கூடவே அவன் அம்மா மேரிக்குட்டியும். நார்பர்ட் இறந்து ஆறு வருடமாகிறதாம், அது தெரியாமல் நான் அவரை விசாரித்துவிட்டேன். பதினான்காவது கேள்வி, கல்லூரிக்குப் போகாததன் காரணம். அதற்கு நீ ஏழு பதில்கள் கொடுத்திருக்கிறாய், வறுமையில் தொடங்கி மற்றவை என்பதில் முடியும். மெல்பின் தாளை வாங்கித் தானே படித்தான். ‘ஸாரே, இதுல ஏழு காரணம் உண்டு. நீங்க இல்லியே’ என்றான். கேலியாகத்தான் சொன்னான், கோபம் இல்லை.

நடந்தது இது. மேரிக்குட்டி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான நீரோடிக்குப் போய் அங்கே பெற்ற பிள்ளை அவன். எல்லைக்கு அப்பால் என்றாலும் நடந்து போகிற தூரம். ஆனால் பிறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டுச் சான்றிதழ். நீங்கள் பிளஸ் டூ முடித்த வருடம் ஜூனில் நார்பர்ட் அதை ஒரு பாலித்தீன் உறையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவந்து, இதைக் கொண்டு இங்கே கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். நான் யாரையும் கேட்டுப் பார்க்காமல், பிறந்தது அக்கரை, கேரளத்தில் கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் நம்பினேன். இதோடு நின்றிருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம்.

நீயும் அக்கரையில், உன் அம்மாவின் தாய்வீடான குழித்துறையில் பிறந்தவள். இரண்டு வாரம் கழித்து அதே கேள்வி நம் வீட்டுக்கு வந்தபோது நான் வில்லேஜ் ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். இங்கேயே குடியிருந்து இங்கேயே படித்த பிள்ளைக்கு அது தடையே இல்லை, ஸார் எதற்குக் கலங்குகிறீர்கள் என்று அங்கிருந்தவர் சொன்னார். விண்ணப்பிக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. காரோட்டுக்கு ஒரு பஸ் ஏறினால் போதும். நான் போகவில்லை. ஸார் சொன்னது தப்பு என்று நானே போய்ச் சொல்வதற்குக் கூச்சம். பையன் படகில் ஏறிவிட்டான் என்று யாரோ சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. உன்னோடு அவன் போட்டியிடுவான் என்ற எண்ணமும் மனதில் எங்காவது இருந்ததா என்று இந்த மூன்று நாளாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மெல்பின் அப்படிக் கேலி செய்தபோது மேரிக்குட்டி அவனைத் தடுத்தாள். ‘ஸாரை ஒண்ணும் சொல்லாத மக்கா. நான் இங்கயே பெத்திருக்கணும். அது எனக்க பெழையாக்கும்’ என்றாள். இடம் இல்லை என்று தெரிந்த அன்று நார்பர்ட் அவளை ஏசினாராம், எதற்கடி தாய்வீட்டுக்குப் போனாய் என்று. அதற்குப்பின் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் இதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினாறு வருடம். நான் அங்கே உட்கார்ந்து அவள் கொடுத்த சாயாவைக் குடித்தேன். அது தடையே இல்லை என்ற உண்மையைச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முப்பது படிவங்களை இத்துடன் அனுப்புகிறேன், வரிசைப்படி அடுக்கியிருக்கிறேன். மெல்பினுடையதை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றவை என்ற இடத்தில் மேலே உனக்கு எழுதியதைச் சுருக்கி, என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறேன். பதில்களைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்காத படிவம் செல்லாது என்று நீதான் விதி வைத்திருக்கிறாய். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்துக்குப் போய், மேரிக்குட்டியும் கேட்கும்படி அதைப் படிக்க வேண்டும். மாதக் கடைசியில் தடைக்காலம் முடிந்தால் அவன் போய்விடுவான். பஸ் ஏறும்வரை எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன். தபாலில் போட்டுவிட்டால் திரும்ப வாங்க முடியாது, உனக்குத் தெரிந்தபின் நான் போகாமல் இருக்கவும் முடியாது.

உன் படிப்பை நீ குறைவாக நினைக்க வேண்டாம், உழைத்தது நீதான். அம்மாவிடம் இதைப் பற்றி இப்போது பேசாதே, நானே சொல்கிறேன். மழையில் நனையாதே, தலை காயாமல் படுக்காதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் அம்மாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் நினைவில் வை. அந்தப் படிவம் உன் கைக்கு வரும்போது, கணக்குக்கு எளிது என்று அவனை வறுமையில் சேர்த்துவிடாதே.

உன் அப்பா,
வேலாயுதன்