தாழ்ப்பாள் உள்ள கதவு

அக்காவுக்கு,

உன் மூக்கு வலி குறைஞ்சுதா? உன் புருஷன் தலையில எத்தனை தையல்னு நான் கேக்கப் போறதில்ல. இனிமே மாமான்னும் கூப்பிட மாட்டேன்.

சேர்றதுக்கு முன்னாடி யூனிவர்சிட்டியை ஒரு தடவை பார்த்துடணும்னு நீதான் என்னைத் திருப்பதிக்குக் கூட்டிக்கினு வந்தே. லைப்ரரி, லேப், மெஸ்ஸுன்னு ஒண்ணு விடாம விசாரிச்சே. "படிக்கப்போறது நீங்களா, தங்கச்சியா?"ன்னு சுத்திக்காட்டின பொண்ணு சிரிச்சா. ஹாஸ்டல் ரூமுக்கு வந்ததும், கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்த்தே.

கேட்டுக்கு வெளிய உன் புருஷன் நின்னுக்கினு இருந்தாரு. "யாரைக் கேட்டுடி வந்தே?"ன்னு உன் முடியைப் பிடிச்சு முகத்தை மதில்ல மோதினாரு. மறுபடி மோதறதுக்குள்ள அவர் ஹெல்மெட்டைப் பிடுங்கி அவர் தலையிலயே அடிச்சேன். ரத்தம் கொட்டிச்சு. விழுந்த பிறகும் அடிச்சேன். "போதும்டி, செத்துடுவாரு!"ன்னு நீ கத்தினே. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், அப்படியே பங்காருபாளையத்துல அவர் வீட்டுக்கே திரும்பிட்டே.

எனக்கு சீட்டு கிடைச்சிடுச்சு, ஹாஸ்டல்ல சேர்ந்துட்டேன். வார்டன் மேடம்கிட்ட எல்லாம் சொன்னேன். "உங்க அக்காவை வரச் சொல்லும்மா, நான் பார்த்துக்கறேன்"னாங்க.

நம்மைப் பெத்த நைனா சமாதானம் பேச வருவாரு. உக்காந்து கேக்காதே. துணிமணி எதுவும் எடுக்காம பஸ் ஏறிடு.

உன் தங்கச்சி