அப்பா பேசிய நாலு விநாடி

அன்புள்ள அக்கா மகாராணிக்கு, உன் தம்பியும் உன் பிள்ளைகளின் ஒரே தாய்மாமனுமாகிய இசைச் சக்கரவர்த்தி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

நான் சௌக்கியம். வேலை முடிந்து வந்ததும் போர்வையைச் சுவரில் தொங்கவிட்டால் என் அறையே ஸ்டூடியோதான். போன லீவில் நம் வீட்டுக் கூடத்தில் நான் பாடிப் பதிவு செய்த பாட்டுகளை இரைச்சல் நீக்கி, சத்தத்தைச் சமப்படுத்தி மாஸ்டரிங் செய்கிறேன். என் குரலைக் கேட்டு எதிர்க் கட்டிடமே நாலடி தள்ளிப் போய்விட்டது.

ஒரு சின்ன விஷயம், பதறாதே. கடைசிப் பாட்டு முடிந்ததும் அப்பா உள்ளேயிருந்து, "போதும்டா, பக்கத்து வீட்டுக்காரன் காலி பண்ணிட்டுப் போயிடப் போறான்" என்றாரே, இங்கே வந்த வாரமே அதை வெட்டிவிட்டு, பழைய பதிவின் மேலேயே சேமித்துவிட்டேன். அப்போது அப்பா இருந்தார். அவர் போன பிறகு நேற்றுதான் அந்தக் குரலைத் தேடினேன். பாட்டு சுத்தமாக இருக்கிறது, அக்கா. அவ்வளவு சுத்தம்.

பாடிய அன்றே, வெட்டுவதற்கு முன், அந்தப் பதிவை உன் பழைய போனுக்கு அனுப்பியிருந்தேன். நீ கேட்கவே இல்லை என்று ஒரு யுகம் சண்டை போட்டேன். அந்தப் பழைய போனை யாருக்கும் கொடுத்துவிடாதே. சார்ஜ் போட்டுப் பார்த்து, இருந்தால் அப்படியே அனுப்பு. இல்லையென்றால் அதை எழுதாதே, வேறு ஏதாவது எழுது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் தம்பி