படிவத்தில் அப்பா பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அரசு கைவிடப்போகும் விண்கலத் திட்டத்தைக் காப்பாற்றச் சொல்லி, ரயில் நிலைய வாசலில் கையெழுத்து வாங்குவதுதான் இப்போது என் வேலை. ஆதரவு தருகிறவர்களின் பெயர்கள் கலத்தோடு வானத்துக்குப் போகுமாம்.

நேற்று மழையில் ஒருவரும் நிற்கவில்லை. சும்மா இருந்த கை, அப்பாவின் பெயரையும் நம் வீட்டு போன் எண்ணையும் படிவத்தில் எழுதிவிட்டது. படிவங்களைச் சரிபார்க்கும் அதிகாரி தாளை வாங்கிக்கொண்டு, "எல்லாருக்கும் போன் போட்டுக் கேப்போம். ஆளே இல்லேன்னா பேரை அடிச்சிருவோம்" என்றார்.

கடைசியாக அப்பா முகம் பார்க்கக்கூட வராதவன் நான். அவருடைய ஸ்வெட்டரைத் துவைக்காமல் அனுப்பு.

பஸ் வந்துவிட்டது. போன் வந்தால், அப்பா வெளியே போயிருக்கிறார் என்று சொல். அழுதுவிடாதே அம்மா, கண்டுபிடித்துவிடுவார்கள்.

உன் மகன்